ஆங்கில அருஞ்சொற்களை அறியும் முறை



ஆங்கிலத்தில் உள்ள அருஞ்சொற்களை எவ்வாறு கற்பது என்பது பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன். ஆங்கில ஆசிரியனாகவும், பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆகவே இப்பொருள் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இயல்பாகவே உண்டு என்று நீங்கள் எண்ணலாம். உண்மை யாதெனில், இளமையில் நான் செய்த பிழை ஒன்றே இது பற்றி என்னைச் சிந்திக்க வைத்தது. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1987-ஆம் ஆண்டு. சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பிற்கு ஆங்கிலம் கற்பித்து வந்தேன். நாள்தோறும் பத்து ஆங்கிலச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றிற்கும் எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதிப்போடுவது என் வழக்கம். மறுநாள் காலையில் மாணவர் அவற்றை ஒப்பித்தல் வேண்டும். ஓராண்டில் ஆயிரம் சொற்களுக்கு மேல் கற்பித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை. அவ்வகுப்பில் நெசவாளர் ஒருவரின் மகன் படித்து வந்தான். பட்டியல் முழுவதையும் பிழையின்றி ஒப்பிப்பவன் அவன் ஒருவனே. பள்ளிக்குக் கல்வி அதிகாரி ஒருவர் வருகை தந்தபோது, ஆங்கிலத்தில் வரவேற்புரை படிக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தேன். உரையை அவனே எழுதினான். நானும் ஒருமுறை படித்துப் பார்த்து, “நன்று” என்று கூறினேன்.

விழா நாளன்று அவன் குரல் தெளிவாகவே ஒலித்தது. அதிகாரியின் நற்பண்புகளை ஒவ்வொன்றாக அடுக்கி வந்தவன், அவரை ‘அபிஷியஸ்’ ஆனவர் என்று பாராட்டினான். முன்வரிசையில் இருந்தோரிடையே சிரிப்பு எழுந்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். எதற்காகச் சிரிக்கின்றனர் என்று அறியாத சிறுவன், எஞ்சிய பகுதியைத் தடுமாறிப் படித்து முடித்து மேடையை விட்டு இறங்கினான். என் பட்டியலில் அச்சொல்லுக்கு எதிரே ‘உதவும் இயல்புடைய’ என்று எழுதியிருந்தேன். இன்றைய ஆங்கிலத்திலோ அது, கேளாமலே பிறர் காரியத்தில் தலையிட்டு அதிகாரம் செலுத்துவோரைக் குறிக்கும் இகழ்ச்சிச் சொல்லாகும்.

மாலையில் அவன் என்னிடம் வந்து, “ஐயா, தாங்கள் எழுதிப்போட்டது அப்படித்தானே இருந்தது?” என்று கேட்டான். அதில் குற்றச்சாட்டு இல்லை. தான்தான் தவறாக மனப்பாடம் செய்துவிட்டோமோ என்ற அச்சமே இருந்தது. அந்த அச்சமே என்னை மிகவும் வருத்தியது. மறுநாள் வகுப்பில், பிழை என்னுடையதே என்று எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டேன். ஆயினும் அவ்வாண்டு முடியும்வரை அவன் தானாக ஓர் ஆங்கில வாக்கியமும் பேசவில்லை.

பின்னர் அச்சொல்லின் வரலாற்றைத் தேடிப் பார்த்தேன். கடமை என்று பொருள்படும் ‘ஆபீசியம்’ என்னும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது அது. அலுவலகத்தை நாம் ‘ஆபீஸ்’ என்று சொல்லுகிறோமே, அதற்கும் அதுவே தாய். ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் அச்சொல் அன்போடு உதவுவோரைக் குறித்தது. 1755-இல் டாக்டர் ஜான்சன் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியில் அந்த நற்பொருளும் உண்டு. வலியத் தலையிடுதல் என்ற தீய பொருளும் உண்டு. நாளடைவில் நற்பொருள் வழக்கொழிந்தது; தீய பொருளே நிலைத்தது. நான் பழைய அகராதி ஒன்றைப் பார்த்து, முதலில் கண்ட பொருளை மட்டும் எடுத்து எழுதியிருக்கிறேன்! என் பட்டியல் முழுப்பொய் அன்று, காலங்கடந்த உண்மை. ஆனால் மேடையில் நின்ற அச்சிறுவனுக்கு இரண்டும் ஒன்றாகவே முடிந்தன.

அன்று முதல் ஓர் உண்மை எனக்குத் தெளிவாயிற்று. ஒரு மனிதரின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு, அவரை அறிவேன் என்று நாம் சொல்லுவதில்லை. அவர் எந்த ஊரிலே பிறந்தவர், யாரோடு பழகுகிறார், எத்தகைய குணமுடையவர் என்பனவற்றை எல்லாம் அறிந்த பின்னரே அவரை அறிந்ததாகக் கூறுகிறோம். சொற்களும் அத்தகையனவே. ஒரு சொல்லின் பிறப்பு, சுற்றம், குணம் ஆகிய மூன்றையும் அறிந்தாலன்றி அச்சொல்லை அறிந்தவராக மாட்டோம். இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது பிறப்பு. ஆங்கிலம் அடிப்படையில் ஜெர்மானிய இனத்தைச் சேர்ந்த மொழி. ஐந்தாம் நூற்றாண்டளவில் ஐரோப்பாவின் வடமேற்குக் கரையினின்று பிரிட்டனில் குடியேறிய மக்களோடு அது அங்கே சென்றது. 1066-ஆம் ஆண்டில், பிரான்சின் வடபகுதியிலுள்ள நார்மண்டி நாட்டுத் தலைவன் வில்லியம் இங்கிலாந்தை வென்று அரசனானான். அதன்பின் பல தலைமுறைகள் அரசவையில் பிரெஞ்சு மொழி ஆட்சி செலுத்தியது. ஆடுமாடுகளை மேய்த்தவர் ஆங்கிலேயர். அவற்றின் இறைச்சியை விருந்தில் உண்டவர் பிரெஞ்சு பேசிய பிரபுக்கள். அதனால்தான் உயிரோடு இருக்கும் ஆட்டுக்கு ‘ஷீப்’ என்ற பழைய ஆங்கிலப் பெயரும், தட்டுக்கு வந்த ஆட்டிறைச்சிக்கு ‘மட்டன்’ என்ற பிரெஞ்சு வழிப் பெயரும் இன்றுவரை வழங்குகின்றன. நம் ஊர் உணவு விடுதிப் பலகையில் எழுதியிருக்கும் ‘மட்டன்’ என்ற சொல்லுக்குள் இத்தனை பழைய ஒரு படையெடுப்பின் வரலாறு அடங்கியிருக்கிறது.

அதன் பின்னர், பழைய நூல்களைப் போற்றிப் பயின்ற மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர்கள் இலத்தீன், கிரேக்கச் சொற்களை நூற்றுக்கணக்கில் ஆங்கிலத்தில் கொண்டுவந்து சேர்த்தனர். ஆகவே ஒரே செயலுக்கு ஆங்கிலத்தில் மூன்று தளங்களில் சொற்கள் உண்டு. ‘ஆஸ்க்’ என்பது பழைய ஆங்கிலச் சொல். ‘கொஸ்சன்’ என்பது பிரெஞ்சு வழியே வந்தது. ‘இன்டராகேட்’ என்பது இலத்தீனினின்று எடுத்தது. மூன்றும் கேட்டலே. ஆயினும் தாய் மகனிடம் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்பது முதலாவது. ஐயம் கொண்டு வினவுவது இரண்டாவது. காவல் நிலையத்தில் நடப்பது மூன்றாவது. இது நமக்குப் புதிதன்று. ‘சோறு’ என்றும் ‘சாதம்’ என்றும் ‘அமுது’ என்றும் நாம் வழங்கவில்லையா? பொருள் ஒன்றே, ஆயினும் இடம் வேறு.

நீங்கள் அருஞ்சொல் என்று அஞ்சுவனவற்றுள் மிகப் பெரும்பாலன இந்த மூன்றாம் தளத்துச் சொற்களே. அவற்றில் ஒரு வசதி உண்டு. அவை தனித்தனியே வாழ்வதில்லை. குடும்பம் குடும்பமாக வாழ்கின்றன. ‘ஸ்பெக்ட்’ என்னும் பகுதியைப் பாருங்கள். இலத்தீனில் அதற்குப் பார்த்தல் என்று பொருள். உள்ளே புகுந்து பார்ப்பவர் ‘இன்ஸ்பெக்டர்’. வேடிக்கை பார்ப்பவர் ‘ஸ்பெக்டேட்டர்’. கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தல் ‘ரெட்ராஸ்பெக்ட்’. தன் நெஞ்சைத் தானே பார்த்துக்கொள்ளுதல் ‘இன்ட்ராஸ்பெக்ஷன்’. ‘சர்க்கம்’ என்றால் சுற்றிலும் என்பது பொருள். ஆகவே ‘சர்க்கம்ஸ்பெக்ட்’ என்பது முன்னும் பின்னும் பார்த்து எச்சரிக்கையாக நடப்பவரைக் குறிக்கும். ‘சுற்றுமுற்றும் பார்த்து நடந்துகொள்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுகிறார்கள் அல்லவா? அதே கருத்துத்தான். நாம் யாரை மதிக்கிறோமோ அவரைத் திரும்பிப் பார்க்கிறோம். ‘ரெஸ்பெக்ட்’ என்ற சொல்லும் அங்ஙனம் பிறந்ததே. ஒரு வேரைப் பிடித்தீர்களாயின் ஆறு சொற்கள் கையோடு வருகின்றன.

நமது ஊரில் ஓடும் ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். வெளியூர் செல்லும் தனியார் பேருந்தை ‘ஆம்னி பஸ்’ என்கிறோம். ‘ஆம்னிபஸ்’ என்பது முழு இலத்தீன் சொல். எல்லோருக்கும் என்பது அதன் பொருள். 1820-களில் பிரான்சு நாட்டில், கட்டணம் செலுத்தும் எவரும் ஏறிச் செல்லக்கூடிய குதிரை வண்டிக்கு இப்பெயர் இட்டனர். பின்னர் ஆங்கிலேயர் அதனைச் சுருக்கி ‘பஸ்’ என்றனர். அதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ‘எல்லாம்’ என்ற பொருள் ‘ஆம்னி’ என்னும் முற்பகுதியில் இருக்கிறது. ‘பஸ்’ என்பதோ நான்காம் வேற்றுமை உருபின் வாலே! ‘எல்லோருக்கும்’ என்ற சொல்லில் ‘எல்லோர்’ என்பது உதிர்ந்து, ‘க்கும்’ என்பது மட்டும் தெருவில் ஓடுவது போன்றது இது. இனி ‘ஆம்னி’ என்று தொடங்கும் சொற்களைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. எல்லாம் அறிந்தவன் ‘ஆம்னிஷியன்ட்’. எல்லாம் வல்லவன் ‘ஆம்னிபொட்டன்ட்’. மரக்கறியும் புலாலும் ஆகிய எல்லாவற்றையும் உண்பது ‘ஆம்னிவோரஸ்’.

இனி, ஓர் எச்சரிக்கை. வேரை மட்டும் நம்பி நடப்பவர் எப்போதாவது வழுக்கி விழுவர். ‘கிரெக்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு மந்தை என்று பொருள். மந்தையாகச் சேர்தல் ‘காங்கிரிகேட்’. மந்தையினின்று பிரித்து வைத்தல் ‘செக்ரிகேட்’. தேர்வில் உங்கள் மதிப்பெண்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் ‘அக்ரிகேட்’. கூட்டமாக வாழ விரும்பும் இயல்பு ‘கிரிகேரியஸ்’. இவ்வாறே, மந்தையினின்று வெளிப்பட்டுத் தனித்து விளங்குவது ‘எக்ரீஜியஸ்’. அவ்வாறாயின் அது பாராட்டுச் சொல்லாக அன்றோ இருத்தல் வேண்டும்? முன்னாளில் அப்படித்தான் இருந்தது. இன்றோ அது பெரும்பிழை, பெருங்குற்றம் போன்றவற்றோடு மட்டுமே சேர்ந்து, மற்றப் பிழைகளினும் மிஞ்சி நிற்கும் தீமையைக் குறிக்கிறது. ‘அபிஷியஸ்’ என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேர்ந்தது. வேர் நம்மை வாயில்வரை அழைத்துச் செல்லும். உள்ளே இருப்பவர் யார் என்பதை நாமே எட்டிப் பார்த்தறிதல் வேண்டும்.

உயிருக்கே இடர் தரும் சொல்லும் ஒன்றுண்டு. எண்ணெய் ஏற்றிச் செல்லும் டாங்கர் லாரியின் பின்புறத்தில் ‘இன்ஃபிளேமபிள்’ என்று எழுதியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘இன்’ என்னும் முன்னொட்டு, ‘கரெக்ட்’ என்பதை ‘இன்கரெக்ட்’ ஆக்குவது போல, எதிர்மறை தருவது என்று பள்ளியில் கற்கிறோம். அவ்விதியை இங்கே பொருத்தினால் ‘தீப்பற்றாதது’ என்று பொருள்படும்! உண்மையில் இலத்தீனில் ‘இன்’ இரண்டு உண்டு. ஒன்று எதிர்மறை தருவது. மற்றொன்று ‘உள்ளே’ என்று பொருள் தருவது. இங்கே வந்திருப்பது இரண்டாவது. எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே சொல்லின் பொருள். இம்மயக்கத்தால் விபத்து நேரும் என்று அஞ்சி, இருபதாம் நூற்றாண்டில் தீத்தடுப்புத் துறையினர் ‘இன்’ என்பதை நீக்கிவிட்டு, ‘ஃபிளேமபிள்’ என்றே எழுதும்படி வற்புறுத்தினர். இன்று இரண்டு வடிவங்களும் ஒரே பொருளில் வழங்குகின்றன.

நம் சொல் ஒன்றும் கடல் கடந்து சென்று பொருள் மாறியிருக்கிறது. மரங்களைச் சேர்த்துக் கட்டி மீனவர் செலுத்துவது கட்டுமரம். ஆங்கிலத்தில் அதுவே ‘காட்டமரான்’ ஆயிற்று. ஆனால் இன்று ஆங்கிலேயர் அச்சொல்லால் பெரும்பாலும் குறிப்பது, இரண்டு உடற்பகுதிகளை இணையாக வைத்து அமைத்த படகை. அதனை நம் மீனவர் ஒருவரிடம் காட்டினால் கட்டுமரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். சொற்கள் பயணம் செய்யும்போது மாறுகின்றன. ஆதலின் எந்தச் சொல்லையும் அது இன்று வாழும் இடத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது சுற்றம். ஒரு சொல் எந்தச் சொற்களோடு கூடிப் பழகுகிறது என்பதே அதன் சுற்றம். தமிழில் நாம் இதனை மரபு என்கிறோம். யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும் என்று தொடக்கப் பள்ளியிலேயே கற்றீர்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் குட்டியும் கன்றும் முறையே உரியன என்பதும் அறிவீர்கள். ‘ஆட்டுக்கன்று’ என்று எவரேனும் சொன்னால் பொருள் விளங்கும்; ஆனால் சிரிப்பு வரும். தொல்காப்பியர் இத்தகைய மரபுச் சொற்களுக்கென்றே மரபியல் என ஓர் இயலை வகுத்திருக்கிறார். ஆங்கிலத்திலும் அவ்வாறே மரபு உண்டு. குற்றம் என்னும் ‘கிரைம்’ ‘கமிட்’ என்ற வினையோடு சேரும். பிழை என்னும் ‘மிஸ்டேக்’கிற்கோ ‘மேக்’ என்பதே இயல்பான துணை. மழை அங்கே ‘ஹெவி’, காற்று ‘ஸ்ட்ராங்’. பொருளால் நெருங்கிய சொற்களாயினும் இடம் மாற்றி வைத்தால் செவி ஏற்பதில்லை. லாகூரில் சில ஆண்டுகள் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து, பின்னர் இலண்டனில் மொழியியல் கற்பித்த ஃபர்த் என்னும் அறிஞர், 1950-களில் இக்கருத்தை வலியுறுத்தி எழுதினார். ஆகவே ஒரு சொல்லைக் குறித்துக்கொள்ளும்போது, அதன் இடப்பக்கத்தில் யார் இருக்கிறார், வலப்பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது குணம். இரண்டு சொற்கள் ஒரே செய்தியைச் சொல்லும். ஆனால் ஒன்று புகழும், மற்றொன்று இகழும். ‘சைல்ட்லைக்’, ‘சைல்டிஷ்’ என்னும் இரண்டிற்கும் தமிழில் ‘குழந்தை போன்ற’ என்றே எழுதிவிடலாம். ஆனால் முன்னது குழந்தையின் கள்ளமற்ற உள்ளத்தைப் போற்றுவது. பின்னது வயதுக்குத் தகாத சிறுபிள்ளைத்தனத்தைப் பழிப்பது. செலவைக் குறைப்பவரை ‘த்ரிஃப்டி’ என்றால் சிக்கனமானவர் என்று மகிழ்வார். ‘ஸ்டிஞ்சி’ என்றால் கஞ்சன் என்று சொன்னதாகச் சினம் கொள்வார். பட்டியலில் எதிரெதிரே எழுதும் ஒற்றைத் தமிழ்ச் சொல் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. அன்று நான் செய்த பிழையும் இதுவே. சொல்லின் பொருளில் ஒரு பகுதியைக் கொடுத்தேன். குணத்தைக் கொடுக்கத் தவறினேன்.

இம்மூன்றையும் அறிய அகராதியே துணை. ஆனால் எல்லா அகராதியும் எல்லோருக்கும் ஏற்றதன்று. ஜப்பான் நாட்டில் ஆங்கிலம் கற்பித்து வந்த ஹார்ன்பி என்பவர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்களுக்கென்றே துணைவர்களோடு சேர்ந்து ஓர் அகராதி தொகுத்தார். 1942-இல் அங்கே வெளிவந்த அந்நூலை 1948-இல் ஆக்ஸ்போர்டு அச்சகத்தார் வெளியிட்டனர். எளிய சொற்களால் விளக்கமும், வழக்கில் உள்ள எடுத்துக்காட்டும் தருவது அதன் சிறப்பு. தமிழில் பொருள் காண விரும்புவோருக்கு, பேராசிரியர் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ் அகராதி பெருந்துணையாகும். இன்று கைப்பேசியிலேயே அகராதிகள் கிடைக்கின்றன. எதனைப் பார்த்தாலும் முதற்பொருளோடு நின்றுவிடாதீர்கள். இறுதிப்பொருள் வரை படியுங்கள், எடுத்துக்காட்டைப் படியுங்கள், பழைய வழக்கு, இகழ்ச்சி வழக்கு என்ற குறிப்பு உண்டா என்று பாருங்கள். நான் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட்டிருந்தால் ஒரு சிறுவன் அவையில் நாணி நின்றிருக்க மாட்டான்.

சரி, எந்தச் சொற்களை முதலில் கற்பது? ஆங்கிலத்தில் சொற்கள் பல்லாயிரம். அவற்றை எல்லாம் கற்க ஒருவர் ஆயுள் போதாது. கற்க வேண்டிய தேவையும் இல்லை. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரித் தலைவராக இருந்த மைக்கேல் வெஸ்ட் என்பவர், வங்காள மாணவர்களின் இடர்ப்பாட்டை நேரில் கண்டு, மிகுதியும் பயன்படும் சொற்களைத் தேர்ந்தெடுக்கும் பணியில் ஈடுபட்டார். 1953-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் உள்ளன. பொதுவான நூல்களில் வரும் சொற்களில் சுமார் 80 விழுக்காடு இவற்றுள் அடங்கும். பின்னர் 2000-ஆம் ஆண்டில் ஏவரில் காக்ஸ்ஹெட் என்னும் அம்மையார், கல்லூரிப் பாடநூல்களில் மிகுதியாக வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். அவை அத்தகைய நூல்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை நிரப்புகின்றன. ஆகவே பள்ளி மாணவர் முதலில் வெஸ்டின் சொற்களில் தமக்கு எவை தெரியாதன என்று பார்த்து நிரப்பிக்கொள்க. கல்லூரி மாணவர் அடுத்த 570-ஐ மேற்கொள்க. அடித்தளம் இன்றி மாடத்துக்கு வண்ணம் பூசுவதில் பயனில்லை.

இனி, கற்றதை மறவாதிருக்கும் வழி. எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்துப் பார்த்து, 1885-இல் நூலாக வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே மிக விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்பது அவர் கண்ட முடிவு. ஒரே நாளில் பலமுறை படிப்பதினும், நாட்களை இடைவிட்டுப் படிப்பது நன்கு நிலைக்கும் என்பதும் அவர் கண்டதே. ஆகவே தேர்வுக்கு முந்திய இரவில் நூறு சொற்களை உருப்போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றது.

நான் பிற்காலத்தில் என் மாணவர்களுக்குச் சொன்ன முறையை உங்களுக்கும் சொல்லுகிறேன். தனிக் குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் ஒன்றுக்கு மூன்று சொற்கள் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். முதலில், அச்சொல்லை எந்த வாக்கியத்தில் கண்டீர்களோ அதனை முழுவதும் எழுதுங்கள். அடுத்து, அதன் வேரையும் உறவுச் சொற்களையும் எழுதுங்கள். மூன்றாவதாக, அதனோடு வழக்கமாகச் சேரும் சொற்களையும், அது புகழ்ச்சியா இகழ்ச்சியா பொதுவா என்பதையும் குறியுங்கள். இறுதியாக, உங்கள் வீட்டையோ ஊரையோ பற்றி அச்சொல்லை அமைத்துச் சொந்த வாக்கியம் ஒன்று எழுதுங்கள். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று அகராதியில் காணுங்கள். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதலசையில் விழும் அழுத்தம், ‘ஃபோட்டாகிரஃபர்’ என்பதில் இரண்டாம் அசைக்கு மாறிவிடுகிறது. மறுநாள் ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, அடுத்த திங்கள் ஒருமுறை எனத் திருப்பிப் பாருங்கள். பார்க்கும்போது பொருளை மூடிக்கொண்டு, நினைவிலிருந்து சொல்ல முயலுங்கள். ஓராண்டில் 200 நாட்கள் இவ்வாறு செய்தால் 600 சொற்கள். நான் கரும்பலகையில் எழுதிய ஆயிரத்தினும் இந்த அறுநூறு உங்களுக்கு உண்மையில் உரியனவாகும்.

கற்ற சொற்களை எப்போது பயன்படுத்துவது என்பதும் ஒரு கல்வி. அணிகள் அனைத்தையும் ஒரே நாளில் பூண்டுகொள்பவர் அழகுபெறுவதில்லை. எளிய சொல் போதுமான இடத்தில் எளிய சொல்லையே எழுதுங்கள். அருஞ்சொல் பெரும்பாலும் படித்துப் புரிந்துகொள்ளவே வேண்டும். சட்டமும் மருத்துவமும் அறிவியலும் அச்சொற்களில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. மருந்துப் புட்டியின் மேலுள்ள எச்சரிக்கையையும், கையொப்பமிட வேண்டிய ஒப்பந்தத்தையும் பிறர் துணையின்றிப் படித்தறியும் ஆற்றல் உங்களுக்கு வேண்டும். அதற்காகவே இவ்வளவு உழைப்பும்.

என்னிடம் படித்த அச்சிறுவனைப் பற்றி இறுதியாக ஒரு சொல். சொற்களைக் கற்பதில் அவன் உழைப்பு எள்ளளவும் குறைந்ததன்று. குறை இருந்தது நான் கொடுத்த பட்டியலில். உங்களுள் எவரேனும் ஒரு சொல்லைப் பிழையாகக் கூறி, பிறர் நகைக்கக் கேட்டிருந்தால், நாணி வாய்மூடிவிடாதீர்கள். வீட்டிற்குச் சென்று அகராதியைத் திறந்து, அச்சொல்லின் பிறப்பையும் சுற்றத்தையும் குணத்தையும் பாருங்கள். நகைப்புக்கு ஆளான சொல்லை ஒருவர் வாழ்நாளில் மறப்பதில்லை. அதனைச் சரியாகக் கற்றுக்கொண்டால், அதுவே உங்கள் குறிப்பேட்டின் முதற்சொல் ஆகட்டும். அவ்வாறே, நண்பர் ஒருவர் பிழைபடப் பேசும்போது நகைக்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்குமாயின், நகையாது தனியே அழைத்துச் சொல்லுங்கள். சொல்லைக் கற்பதன் பயன் அதுவேயாகும்.